அரை மணி நேரத்தில் அணைகிற கணினி: எம்.இ.யை முடக்கும் வேலையில் கண்டவை

இன்டெல் கணினியின் சிப்செட்டுக்குள் தனியாக ஓடும் குட்டிக் கணினியான மேனேஜ்மெண்ட் என்ஜினை (சுருக்கமாக எம்.இ.) எடுத்து எறிந்துவிட முடியாது. அதை எடுத்துவிடச் சொல்லிக் கடைக்கு வருகிற இளைஞர்களிடம் முதலில் இதைத்தான் சொல்கிறேன். வாயை அடைக்கலாம், கையைக் கட்டலாம், நெட்வொர்க் பக்கம் தலைகாட்டாமல் செய்யலாம். ஆனால் பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் கண்விழிப்பது அதுதான். அது தன் பங்கு வேலையைச் செய்து வழிவிட்டால்தான் ப்ராசசர் எழுந்திருக்கும். அதனால் எம்.இ.யை முடக்குவதற்கு நாம் கொடுக்கும் விலை பெரும்பாலும் கணினி தொடங்கும் நேரத்தில்தான் தெரிகிறது. அந்த விலை சில பெட்டிகளில் ஒன்றுமே இல்லை, சிலவற்றில் சில வினாடிகள், தவறாகக் கைவைத்த பெட்டிகளில் கணினியே.

ரங்கூனில் அனோரத்தா சாலையை ஒட்டிய ஒரு சந்தில், காளி கோயில் மணியோசை கேட்கும் தூரத்தில், பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் வருகிறவை பெரும்பாலும் ஜப்பானிலும் சிங்கப்பூரிலும் அலுவலகங்கள் கழித்துக்கட்டிய லேப்டாப்களும் சின்னப் பெட்டி டெஸ்க்டாப்களும். அலுவலக ரகம் என்பதால் உடம்பு உறுதி. அதே காரணத்தால், தொலைவிலிருந்து ஒரு நிர்வாகி கணினியை இயக்கவும் அணைக்கவும் திரையைப் பார்க்கவும் வழி செய்யும் ஆக்டிவ் மேனேஜ்மெண்ட் என்ற வசதியும் இவற்றோடு சேர்ந்தே வருகிறது. அந்த வசதி ஓடுவது எம்.இ.யின் மேல்தான். எப்போதோ இந்தப் பெட்டியை வைத்திருந்த சிங்கப்பூர் அலுவலகத்தின் அமைப்புகள் உள்ளே அப்படியே கிடக்கலாம் என்று நினைத்தால் யாருக்கும் கொஞ்சம் நமைச்சலாகத்தான் இருக்கும்.

இந்த எம்.இ. 2006-இல் அலுவலகக் கணினிகளில் நுழைந்தது. 2008 முதல் ஏறக்குறைய எல்லா இன்டெல் சிப்செட்டிலும் இருக்கிறது. முக்கிய ப்ராசசரைச் சாராத தனி மூளை, சிப்பிலேயே எழுதிவைத்த தனி மென்பொருள் (ஃபர்ம்வேர்). 2015-இல் வந்த ஸ்கைலேக் தலைமுறையிலிருந்து, அதாவது எம்.இ. 11-ஆம் பதிப்பிலிருந்து, அது மினிக்ஸ் 3 இயங்குதளத்தை வைத்து ஓடுகிறது. நீங்கள் விண்டோஸை மூடிக் கணினியை அணைத்தாலும், பிளக் சுவரில் இருக்கும்வரை காத்திருப்பு மின்சாரத்தில் அது விழித்திருக்க முடியும். ஆரம்ப காலத்துப் பெட்டிகளில் ஃபர்ம்வேர் எழுதப்பட்டிருக்கும் ஃப்ளாஷ் சிப்பின் முகப்பில் ஓரிரு பிட்டுகளை மாற்றி எம்.இ. ஃபர்ம்வேரையே முழுதாக நீக்கிவிட முடிந்தது. நெஹாலெம் என்ற ப்ராசசர் தலைமுறை வந்ததும் அந்தக் கதவு மூடிவிட்டது. அதற்குப் பிந்தைய பெட்டிகளில் செல்லுபடியாகும் எம்.இ. ஃபர்ம்வேர் இல்லையென்றால் ஒன்று கணினி எழவே எழாது, அல்லது எழுந்து முப்பது நிமிடம் ஓடிவிட்டுத் தானாக அணைந்துவிடும்.

முப்பது நிமிடம் என்ற இந்த விவரம் தெரியாமல் ஒரு பெட்டி எவ்வளவு பேரைச் சுற்றலில் விடும் என்பதைப் பேயின்நவுங் மொத்தச் சந்தையிலிருந்து வந்த ஒரு டெஸ்க்டாப்பில் பார்த்தேன். உளுந்து, பாசிப்பயறு, துவரை மண்டி வைத்திருக்கும் மாமா ஒருவருடையது. இந்தியாவுக்குக் கப்பலேறும் சரக்கின் கணக்கெல்லாம் அதில்தான். வேலை நடுவில் படக்கென்று அணைந்துவிடுகிறது, மறுபடி போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல எழுகிறது, கொஞ்ச நேரம் கழித்து மீண்டும் அணைகிறது என்றார். மின்சாரம் முறை வைத்து வருகிற ஊரில் இப்படி ஒரு புகார் வந்தால் யார் ஃபர்ம்வேரைச் சந்தேகிப்பார்கள்? முதலில் யுபிஎஸ்ஸை மாற்றியிருக்கிறார்கள். பிறகு பவர் சப்ளை. பிறகு ஜெனரேட்டர் மின்னழுத்தம் சரியில்லை என்று எலக்ட்ரீஷியனிடம் ஒரு சண்டை. ஒருவர் ப்ராசசர் சூடாகிறது என்று சொல்லிப் பசை மாற்றிக் கொடுத்திருந்தார். நல்ல பசைதான், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

"தம்பி, இது மழைக்காலத்து ஈரமா, இல்லை யாராவது கண் வைத்துவிட்டார்களா?" என்று மாமா கேட்டார்.

எனக்கு உறுத்தியது அணைகிற நேரம். சூட்டால் அணைகிற கணினி வேலை அதிகமானால் சீக்கிரம் அணையும், சும்மா இருந்தால் தாங்கும். மின்சாரக் கோளாறு என்றால் ஒழுங்கே இருக்காது. இதுவோ கணக்கு எழுதினாலும் சரி, சும்மா கிடந்தாலும் சரி, ஒரே நேரத்தில் அணைந்தது. ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு, கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸின் அமைப்புத் திரையில் கணினியை அப்படியே விட்டுவிட்டு, கைபேசியில் நேரம் வைத்தேன். அரை மணியில் அணைந்தது. விண்டோஸும் இல்லை, வைரஸும் இல்லை, வேலையும் இல்லை, அப்படியும் அரை மணி. மீண்டும் போட்டு, பயாஸின் தகவல் பக்கத்தில் எம்.இ. பதிப்பு எண் என்ன என்று பார்த்தால் வரிசையாகச் சுழியங்கள். அதற்கு மேல் துப்பு வேண்டியதில்லை.

ஃப்ளாஷ் சிப்பைப் படித்துப் பார்த்தபோது எம்.இ.க்கு உரிய பகுதி முழுவதும் வெறுமை, முதல் பைட்டிலிருந்து கடைசி பைட்டு வரை எஃப்எஃப். விசாரித்ததில், மண்டியில் வேலை பார்த்த ஒரு பையன் ஆர்வத்தில் செய்தது என்று தெரிந்தது. அந்தப் பலகையில் பூட்டைத் திறக்கும் ஜம்பர் ஒன்று இருக்கிறது. பல அலுவலக டெஸ்க்டாப்களில் பழுதுபார்ப்பவர்களுக்காக அதை வைத்திருப்பார்கள். ஜம்பரை மாற்றிப் போட்டால் ஃப்ளாஷ் பகுதிகளின் பாதுகாப்பு தற்காலிகமாக விலகும். விலகிய இடைவெளியில் எம்.இ. பகுதியை மொத்தமாக அழித்துவிட்டு, கணினி எழுந்ததைப் பார்த்து வெற்றி என்று முடிவுகட்டி வீட்டுக்குப் போயிருக்கிறான். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தால் அவனுக்கே தெரிந்திருக்கும். எம்.இ. சம்பந்தமான எந்த வேலைக்குப் பிறகும் கணினியைக் குறைந்தது முக்கால் மணி நேரமாவது ஓடவிட்டுப் பார்க்காமல் உறையைப் பூட்டாதீர்கள். நான் மதியச் சாப்பாட்டுக்கு முன் ஓடவிட்டு, சாப்பிட்டு வந்து பார்ப்பேன்.

பழைய நகல் எதுவும் எடுத்துவைக்கப்படவில்லை. அதே மாடல் பெட்டி இன்னொன்று சந்தையில் கிடைத்ததால் பிழைத்தோம். இங்கே கவனம் வேண்டும்: கொடையாளிப் பெட்டியின் சிப்பை முழுதாக நகலெடுத்து இதில் எழுதிவிடக் கூடாது. நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி ஒரு பகுதியில் இருக்கிறது. வரிசை எண்ணும் விண்டோஸ் உரிமச் சாவியும் பயாஸ் பகுதியில் இருக்கின்றன. முழு நகல் போட்டால் ஒரே நெட்வொர்க்கில் ஒரே முகவரியோடு இரண்டு பெட்டிகள் நிற்கும். பயாஸுக்கு மாற்றான திறந்த மூல ஃபர்ம்வேரை உருவாக்கும் கோர்பூட் திட்டத்தோடு வரும் ஐஎஃப்டிடூல் என்ற கருவி சிப்பின் நகலைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தரும். கொடையாளியிலிருந்து எம்.இ. பகுதியை மட்டும் எடுத்து, மாமாவின் பெட்டியின் சொந்த நகலில் செருகினேன். பிறகு அதை எம்.இ. கிளீனர் என்ற நிரல் வழியாக ஓட்டி எழுதினேன். கொடையாளிப் பெட்டியின் பழைய முதலாளி விட்டுப்போன அமைப்புகள் கிடக்கும் தரவுப் பகுதியும் அதில் கழிந்துவிடுகிறது. அந்தப் பெட்டி பிற்பகல் முழுவதும் அணையாமல் ஓடியது.

இந்த எம்.இ. கிளீனர் நிக்கோலா கோர்னா என்பவர் எழுதிய சிறிய பைதான் நிரல். அதற்கு வழிகாட்டியது டிராம்மெல் ஹட்சன் என்ற ஆய்வாளர் திங்க்பேட் எக்ஸ்230 லேப்டாப்பில் செய்து பார்த்த ஒரு சோதனை. எம்.இ. பகுதியின் முதல் 4 கேபி-யை மட்டும் அழித்தபோது, முப்பது நிமிடத் தண்டனை வராமல் கணினி தொடர்ந்து ஓடியது. மொத்தமாக அழித்தால் தண்டனை, கொஞ்சம் விட்டுவைத்தால் மன்னிப்பு என்பது வேடிக்கையாகத் தோன்றும். காரணம் கையொப்பம் சரிபார்க்கப்படும் விதம். இன்டெல்லின் டிஜிட்டல் கையொப்பம் ஃபர்ம்வேரின் ஒவ்வொரு பைட்டின் மேலும் இல்லை. எந்தெந்த மாட்யூல் (ஃபர்ம்வேரின் துண்டு), அதன் ஹாஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்) என்ன என்று எழுதிய பட்டியலின் மேல்தான் இருக்கிறது. பட்டியலைத் தொடாமல் மாட்யூல்களை மட்டும் நீக்கினால் கையொப்பம் சரியாகவே இருக்கும். ஒரு மாட்யூலை ஏற்ற முயலும்போதுதான் அது இல்லை என்பது எம்.இ.க்குத் தெரியவரும். அதற்குள் தொடக்க வேலைக்கான பியுபி என்ற மாட்யூல் தன் கடமையை முடித்து ப்ராசசரை எழுப்பிவிட்டிருக்கும். எக்ஸ்230-இல் எம்.இ.க்கு ஒதுக்கிய இடம் 5 எம்பி. கிளீனர் ஓடிய பிறகு அதில் தேவைப்படுவது 98,304 பைட்டுகள், அதாவது 96 கேபி.

நீக்குவது ஒரு வழி. ஒற்றை பிட்டை மாற்றுவது இன்னொரு வழி. 2017 ஆகஸ்டில் பாசிட்டிவ் டெக்னாலஜீஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எம்.இ. 11-இல் ஹாப் என்ற பிட் இருப்பதை வெளியிட்டார்கள். அமெரிக்க அரசின் உயர் பாதுகாப்புத் திட்டம் ஒன்றுக்காக வைக்கப்பட்டது அது. அதை 1 ஆக்கினால் எம்.இ. தொடக்க வேலையை முடித்துவிட்டுத் தானே ஒதுங்கிக்கொள்கிறது. பழைய பதிப்புகளில் ஆல்ட்-எம்.இ.-டிசேபிள் என்று இதே வேலைக்கு வேறொரு பிட். இரண்டும் சிப்பின் முதல் 4 கேபி-யில் இருக்கும், எந்தப் பகுதி எங்கே என்று சொல்லும் விவரணைப் பகுதியில் உள்ளவை. அரசாங்கத்துக்கு மட்டும் கொடுத்த சலுகையை நமக்குச் சொல்லாமல் வைத்திருந்தார்களே என்ற எரிச்சல் எனக்கு இன்னும் உண்டு. கிளீனர் இரண்டு வழிகளையும் செய்யும். சிறிய எஸ் எழுத்தைக் கொடுத்தால் பிட்டை மட்டும் மாற்றும், பெரிய எஸ் கொடுத்தால் பிட்டையும் மாற்றி மாட்யூல்களையும் நீக்கும். நான் எப்போதும் சிறியதில் தொடங்குகிறேன். ஒரு பிட்டைத் திருப்பி வைப்பது எளிது, தொடக்கம் எப்படி மாறுகிறது என்றும் அதிலேயே தெரிந்துவிடும்.

இனி அந்தத் தொடக்கம். எம்.இ.யை முடக்கினால் கணினி வேகமாக எழும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. நான் கண்டது நேர்மாறு அல்லது மாற்றமின்மை. பயாஸ் நினைவகத்தைத் தயார்செய்ததும் "நினைவகம் தயார்" என்று எம்.இ.க்குத் தகவல் அனுப்பும், எம்.இ. அதை ஏற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும். பிறகு தொடக்கச் சோதனைகள் முடிந்ததும் இன்னொரு தகவல். கிளீனர் ஓடிய பெட்டியில் பதில் சொல்ல ஆளில்லை. நன்றாக எழுதப்பட்ட பயாஸ், எம்.இ.யின் நிலைப் பதிவேட்டைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டு மேலே போய்விடுகிறது. மற்றவை, சம்பந்தி வீட்டார் வந்து சேராமல் பந்தி போடமாட்டோம் என்று இலையோடு நிற்கும் கல்யாண வீடுபோலக் கெடு முடியும்வரை காத்திருக்கின்றன. மாமாவின் டெஸ்க்டாப் இந்த இரண்டாவது ரகம். "முன்பைவிடச் சோம்பலாக எழுகிறதே, தம்பி" என்று அவரே போனில் சொன்னார். நிறுவனத்தின் சின்னம் திரையில் வருவதற்கு முன் கருந்திரையில் சில வினாடிகள் கூடுதலாகப் போகின்றன. அதற்கு மருந்து என்னிடம் இல்லை, அது பயாஸின் சுபாவம்.

வேறு சில பலகைகளில் தாமதத்தைவிட மிரட்சி தருவது முதல் தொடக்கம். விசிறி சுற்றும், விளக்கு எரியும், எல்லாம் அணையும், சற்றுப் பொறுத்துத் தானாக மீண்டும் எழும். விவரணைப் பகுதியை மாற்றியபின் முதல் முறை இப்படி நடந்தால் பதறி பிளக்கைப் பிடுங்காதீர்கள். ஒரு முறை விழுந்து எழுவது இயல்பு. விழுந்துகொண்டே இருந்தால்தான் நகலைத் திரும்ப எழுத வேண்டும். பழைய டெஸ்க்டாப்களில் இன்னொன்று கேட்பார்கள்: விசிறி ஏன் முழு வேகத்தில் இரைகிறது? விசிறியின் வேகத்தை எம்.இ.யே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அந்தக் காலத்துச் சில பலகைகளில் இருந்தது. எம்.இ. போனால் விசிறிக்குக் கடிவாளம் இல்லை. அந்தப் பெட்டிகளில் நான் எம்.இ.யை அப்படியே விட்டுவிடுகிறேன்.

தாமதம் பயாஸிலா, இயங்குதளத்திலா என்று பிரித்துப் பார்க்காமல் பழிபோடுவதும் உண்டு. லினக்ஸில் சிஸ்டம்டி-அனலைஸ் என்ற கட்டளை, யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) முறையில் தொடங்கிய கணினிகளில், ஃபர்ம்வேருக்கு எத்தனை வினாடி, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு எத்தனை, மற்றவற்றுக்கு எத்தனை என்று தனித்தனியாகக் காட்டும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் கடைசி பயாஸ் நேரம் என்று மூலையில் ஒரு எண் இருக்கிறது. முடக்குவதற்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை அதைக் குறித்துவைத்தால் வாடிக்கையாளரோடு வாதம் மிச்சம். லினக்ஸ் கெர்னலிலும் எம்.இ.யோடு பேசும் டிரைவர் உண்டு, எம்இஐ-எம்இ என்று பெயர். அது வன்பொருள் தயாராகும் என்று காத்திருந்து, கழித்தல் 62 என்ற பிழை எண்ணோடு கைவிடும். நேரம் முடிந்தது என்பதற்கான எண் அது. தொடக்கப் பதிவில் இந்த வரி தெரிந்தால் அந்த டிரைவரைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிடுங்கள், கெர்னல் பக்கத் தாமதம் போய்விடும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி விழலாம். அந்தச் சாதனத்தை அங்கேயே செயலிழக்கச் செய்துவிட்டால் போதும்.

இதெல்லாம் பெரிய விஷயமா என்று வேறு ஊரில் இருப்பவர்கள் கேட்கலாம். இங்கே ஒரு நாளில் கணினி பல முறை முழுமையாக அணைந்து எழுகிறது. மின்சாரம் போய், இன்வெர்ட்டர் பேட்டரியும் இறங்கிவிட்டால் காத்திருப்பு மின்சாரமும் சேர்ந்தே போகிறது. மின்சாரம் வந்து மீண்டும் போடும்போது எம்.இ. முதல் அனைத்தும் அடியிலிருந்து தொடங்க வேண்டும். மாமாவுக்கு அந்தச் சில வினாடிகள் உறுத்தியதற்குக் காரணம் அதுதான். லேப்டாப்பில் இந்தத் தொல்லை குறைவு, பேட்டரி இருப்பதால் உறங்கவைத்து எழுப்பலாம். ஆனால் முடக்கியபின் உறக்கத்திலிருந்து ஒழுங்காக எழுகிறதா என்பதையும் சோதித்த பிறகே ஒப்படைக்க வேண்டும்.

எழுதும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலரும் கெடுத்துக்கொள்வது இங்கேதான். எக்ஸ்230-ஐ எடுத்துக்கொண்டால் விசைப்பலகையையும் உள்ளங்கை வைக்கும் மூடியையும் கழற்றினால் எட்டுக் கால் சிப்கள் இரண்டு தெரியும். திரைக்கு அருகில் இருப்பது 4 எம்பி, அதில் பயாஸ். நம் பக்கம் இருப்பது 8 எம்பி, அதில் விவரணைப் பகுதியும் எம்.இ.யும் நெட்வொர்க் பகுதியும். நமக்கு வேண்டியது 8 எம்பி சிப் மட்டுமே. பேட்டரி, சார்ஜர், உள்ளே இருக்கும் நாணய பேட்டரி மூன்றையும் எடுத்துவிட்டுக் கிளிப்பை மாட்ட வேண்டும். சிப்பின் மூலையில் இருக்கும் புள்ளியும் கிளிப்பின் சிவப்புக் கம்பியும் ஒரே பக்கம். ஃப்ளாஷ்ராம் என்ற நிரலைக் கொண்டு ஒரு முறை படித்து, கிளிப்பைக் கழற்றி மீண்டும் மாட்டி இன்னொரு முறை படிக்கிறேன். கழற்றாமலே இரண்டு முறை படித்தால் ஒரே தவறான தொடர்பு ஒரே தவறான நகலை இரண்டு முறை தரக்கூடும். இரண்டு ஃபைல்களின் செக்சம் ஒன்றாக இருந்தால் அடுத்து ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பார்க்கிறேன். முதல் பதினாறு பைட்டுகள் எஃப்எஃப், அதையடுத்து 5ஏ, ஏ5, எஃப்0, 0எஃப் என்று நான்கு பைட்டுகள். இந்த நான்கும் கண்ணில் பட்டால்தான் விவரணைப் பகுதி ஒழுங்காகப் படிக்கப்பட்டிருக்கிறது என்று மூச்சுவிடலாம். ஃபைல் முழுவதும் எஃப்எஃப் அல்லது முழுவதும் 00 என்றால் கிளிப் சிப்பைத் தொடவே இல்லை.

மழைக்காலத்தில் இது அடிக்கடி நடக்கிறது. ஜூனிலிருந்து அக்டோபர் வரை இங்கே காற்றையே பிழியலாம். பழைய லேப்டாப்களில் சிப்பின் கால்களில் மெல்லிய பச்சைக் களிம்பு படர்ந்திருக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை மென்மையான பிரஷ்ஷில் தொட்டுத் துடைத்து, காயவிட்டு மாட்டினால் சிப் பேசத் தொடங்கிவிடும். கம்பி நீளம் குறைவாக இருக்கட்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கருப்பு நிற சிஎச்341ஏ ப்ரோக்ராமரை (சிப்பைப் படித்து எழுதும் கருவி) வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: சிப்புக்குப் போகும் மின்சாரம் 3.3 வோல்ட்தான், ஆனால் தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் வருகிறது. பலர் அதையே பயன்படுத்தித் தப்பித்துக்கொள்கிறார்கள். நான் ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகையை வைத்துச் செய்கிறேன், அதன் தரவுப் பின்கள் எல்லாமே 3.3 வோல்ட். சில புதிய லேப்டாப்களில் 1.8 வோல்ட் சிப்கள் வருகின்றன, அவற்றுக்குத் தனி அடாப்டர் இல்லாமல் கிளிப்பை அருகிலேயே கொண்டுபோகக் கூடாது. எழுதும் கருவிக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வரட்டும். நடுவில் மின்சாரம் போனாலும் வெளியிலிருந்து எழுதுவதால் மறுபடி எழுதிக்கொள்ளலாம், இருந்தாலும் அந்தப் படபடப்பு எதற்கு?

இவ்வளவும் சொன்ன பிறகு, கடைக்கு வருகிறவர்களில் பலரை இதைச் செய்யாமலே திருப்பி அனுப்புகிறேன். அவர்களுடைய பயம் பழைய முதலாளியின் தொலைநிர்வாகம் பற்றியது என்றால் அதற்கு எளிய வழி இருக்கிறது. தொடங்கும்போது கண்ட்ரோல், பி (P) இரண்டையும் அழுத்தினால் பல பெட்டிகளில் எம்.இ.யின் அமைப்புத் திரை வரும். யாரும் மாற்றாதவரை கடவுச்சொல் அட்மின் என்பதுதான். அங்கே ஆக்டிவ் மேனேஜ்மெண்டின் பழைய பதிவை நீக்கி வசதியையே அணைத்துவிடலாம். அதன் பிறகு அதே நெட்வொர்க்கில் இருக்கும் வேறொரு கணினியிலிருந்து அந்தப் பெட்டியின் 16992, 16993 எண் போர்ட்டுகளைத் தட்டிப் பாருங்கள். அதே கணினிக்குள்ளிருந்து சோதித்து நிம்மதி அடைவதில் பயனில்லை, எம்.இ. அந்தப் போக்குவரத்தை இயங்குதளத்துக்கு முன்பாகவே பிடித்துக்கொள்ளும். இதை அலட்சியமாக விடக் கூடாது என்பதற்கு 2017 மே மாதம் வெளிவந்த ஓட்டையே சாட்சி. கடவுச்சொல்லுக்கான விடையை வெறுமையாக அனுப்பினாலே நிர்வாகியாக உள்ளே விட்டது அந்த வசதி. 6-ஆம் பதிப்பிலிருந்து 11.6 வரை பாதிக்கப்பட்டிருந்தது. நம் சந்தைக்கு வரும் பழைய பெட்டிகள் பெரும்பாலும் அந்த வரம்புக்குள் வருகிறவையே.

அதனால் வரிசை முக்கியம். முதலில் தயாரிப்பாளர் வெளியிட்ட கடைசி பயாஸையும் எம்.இ. ஃபர்ம்வேரையும் போட்டுவிட்டு, பிறகு முடக்க வேண்டும். முடக்கிய பிறகு எம்.இ.யைப் புதுப்பிக்கும் கருவி வேலை செய்யாது, பேசுவதற்கு உள்ளே யாரும் இல்லை. இன்னொரு பக்கம், பின்னால் பயாஸ் புதுப்பிப்பு எதையாவது போட்டால் நீங்கள் கழித்ததை அது திரும்பக் கொண்டுவந்து வைக்கவும் கூடும். ஹாப் பிட் முழுக் கவசம் என்று நம்புகிறவர்களுக்கும் ஒரு செய்தி: 2017 இறுதியில் அதே ஆய்வாளர்கள் செய்து காட்டிய தாக்குதல் பியுபி மாட்யூலுக்குள்ளேயே இருந்த ஓட்டை வழியாக நடந்தது. தொடக்க வேலைக்கு நாம் விட்டுவைத்தே ஆக வேண்டிய மாட்யூல் அது.

ஸ்கைலேக்குக்குப் பிந்தைய லேப்டாப்களில் நான் கேட்கும் முதல் கேள்வி விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் இருக்கிறதா என்பது. பல பெட்டிகளில் அந்தப் பூட்டின் சாவியைக் காக்கும் தனி டிபிஎம் சிப் கிடையாது. எம்.இ.க்குள் ஓடும் மென்பொருள் டிபிஎம்தான் சாவியை வைத்திருக்கிறது. எம்.இ.யை முடக்கினால் அடுத்த தொடக்கத்தில் நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி கையில் இல்லையென்றால் பிட்டைத் திருப்பி வைக்கத்தான் வேண்டும். மாட்யூல்களை நீக்கி, அசல் நகலையும் தொலைத்திருந்தால் அந்த வட்டில் இருக்கும் புகைப்படங்களுக்கு நான் பொறுப்பில்லை என்று எழுதி வாங்கிக்கொள்கிறேன்.

ஏஎம்டி ப்ராசசர் வாங்கிவிட்டால் தப்பித்தோம் என்று சொல்லும் கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு. அங்கே பிஎஸ்பி என்று இன்னொரு மூளை இருக்கிறது. ஸென் தலைமுறையிலிருந்து நினைவகத்தைத் தயார்செய்வதே அந்த மூளைதான், அதன் பிறகுதான் முக்கிய ப்ராசசர் எழுகிறது. கிளீனர் போல அதன் ஃபர்ம்வேரைக் குறைக்கும் வேலையை என் கடையில் செய்வதில்லை. இன்டெல்லிலும் 12-ஆம் பதிப்பும் அதற்குப் பிந்தையதும் வந்தால் கிளிப்பை எடுப்பதில்லை. முடக்கிய நிலையிலேயே விற்கும் நிறுவனங்கள் 2017-லிருந்து சில இருக்கின்றன, அப்படிப்பட்ட லேப்டாப் வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

வேலை முடிந்து ஒப்படைக்கும்போது அசல் நகலை ஒரு யுஎஸ்பி குச்சியில் போட்டுக் கொடுக்கிறேன், கடையிலும் ஒன்று வைத்துக்கொள்கிறேன். ஃபைல் பெயரில் மாடலும் வரிசை எண்ணின் கடைசி இலக்கங்களும் தேதியும் இருக்கும். பெட்டியின் உட்பக்கம் எம்.இ. முடக்கப்பட்டது என்று தமிழிலும் பர்மியத்திலும் எழுதிய சிறு ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். இந்தப் பெட்டிகள் ஒரே கையில் நிற்பதில்லை. அடுத்து வாங்குகிறவர் விசிறியையும் யுபிஎஸ்ஸையும் மாற்றத் தொடங்குவதற்கு முன் அதைப் படிக்கட்டும்.